அணைக்கக் கூடாத விளக்கு

மாமனாரின் உயிர் பிரிந்த மாலை, பெரிய அறையில் விளக்கைப் போட்டது நோசிமாதான். மேலே தொங்கிய பல்பு அன்று காலையே ஃபியூஸ் போயிருந்தது. பதற்றத்தில் கைக்கு எட்டியது மீன்தொட்டி விளக்கின் சுவிட்சு.

மீன்தொட்டிக்கென்று செய்த விளக்கல்ல அது. கட்டட வேலைக்காரர்கள் சாரத்தில் மாட்டும் எல்.இ.டி. விளக்கு. கடையில் விற்கும் தொட்டி விளக்கை வாங்க வழியில்லாமல், தாஷ்கண்ட் சந்தையில் இதை மலிவாக வாங்கிவந்து அலமாரித் தட்டில் கம்பியால் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். கணவன் ரஷ்யாவுக்கு வேலைக்குப் போன பிறகு, அந்த நாலாம் மாடி வீட்டில் அவளுடையது என்று சொல்ல இருந்தது அந்தத் தொட்டி ஒன்றுதான். பகலில் எட்டு மணி நேரம் வெளிச்சம், பிறகு இருட்டு. அந்த அளவில் செடிகள் நாடா நாடாவாகத் தண்ணீரின் மேல்மட்டம்வரை வளர்ந்து நின்றன.

இறந்தவர் கிடந்த அறையில் நாற்பது நாள் வெளிச்சம் அணையக் கூடாது. முதலில் போட்ட விளக்கே எரிய வேண்டும் என்று மாமியார் சலோமத் சொல்லிவிட்டாள். புது பல்பு மாட்டிய பிறகும் அவள் இறங்கிவரவில்லை. அடக்கத்துக்கே வந்து சேர முடியாத மகன், தொலைபேசியில் அம்மா சொல்வதைக் கேள் என்றான்.

துக்க வீட்டுப் பெண்கள் வாசல் தாண்டுவதில்லை. நோசிமா மாமியாருக்குத் துணையாக அதே அறையில் படுத்தாள். கண்ணை மூடினாலும் இமைக்குள் வெள்ளை வெளிச்சம் வந்து உட்கார்ந்தது. தொட்டியும் தூங்கவில்லை. ஓயாத வெளிச்சத்தில் தண்ணீர் பச்சையாகத் திரண்டது, இலைகளில் பாசி நூல்நூலாகச் சுற்றியது. தினமும் தண்ணீர் மாற்றினாள். மறுநாள் மீண்டும் பச்சை. இப்படியே போனால் நாற்பதாம் நாள் ஒரு செடிகூட மிஞ்சாது என்று அவளுக்குத் தெரியும். சொல்லத்தான் வாய் வரவில்லை.

வியாழக்கிழமை துக்கம் கேட்க வந்த பெண்களில் பக்கத்து வீட்டு ஹோசியத் தொட்டியை எட்டிப் பார்த்தாள்.

"மாவு மட்டும் பெசஞ்சு வைங்கடி. கீரை சம்சாவுக்கு உள்ள வைக்கிறது இங்கயே இருக்கு."

பெண்கள் தலைத்துணியால் வாயை மூடிக்கொண்டார்கள். சலோமத் மட்டும் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர்களை வழியனுப்பித் திரும்பியபோது, நடைக் கண்ணாடி மேல் துணி போர்த்தியிருப்பது நோசிமாவின் கண்ணில் பட்டது. சாவு வீட்டில் கண்ணாடியில் முகம் தெரியக் கூடாதென்று, அன்றே மாமியார் தன் கையால் போர்த்தியது. வெகுநேரம் அங்கேயே நின்றாள். பிறகு உள்ளே வந்தாள்.

"அத்தை, இந்தத் தொட்டிக் கண்ணாடியிலயும் முகம் தெரியுது. இதையும் மூடணும்ல?"

சலோமத் தேநீர்க் கிண்ணத்தைக் கையிலேயே வைத்திருந்தாள்.

"தொட்டிய மூடணும்னு சொல்ல எத்தன நாளா நெனச்ச?"

"மொத நாள்லேருந்து."

"அப்ப வாய் இல்லையா உனக்கு?"

"இந்த வீட்டுல எனக்கு எப்ப அத்தை வாய் இருந்துச்சு?"

கிண்ணம் கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது.

"விளக்கு அணையக் கூடாது."

"அணைக்கல. திருப்பி வைக்கிறேன். ஆனா கம்பி நம்ம படுக்கைப் பக்கந்தான் திரும்பும்."

சலோமத் தரையில் விரித்திருந்த இரண்டு மெத்தைகளையும் பார்த்தாள்.

"திருப்பு. மீனாவது தூங்கட்டும்."

நோசிமா கறுப்புத் துணியால் தொட்டியை நாலு பக்கமும் மேலேயும் மூடினாள். காற்றுக்கு ஓரத்தில் கொஞ்சம் இடைவெளி விட்டாள். பிறகு கம்பியை முறுக்கினாள். வெளிச்சம் மொத்தமும் மெத்தைகள்மேல் விழுந்தது. சலோமத் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சுவரோரமாக நகர்ந்து, பக்கத்தில் நோசிமாவுக்கு இடம் விட்டாள். நாற்பதில் பாதிகூட இன்னும் கழியவில்லை.