கேப்பைப் பால்

தண்டவாளத் துண்டில் இரும்புக் கம்பி அடிக்கும் சத்தம் கம்பெனி முழுக்க அலறியபோது மணி காலை பதினொன்று.

அந்த நேரத்தில் அந்த மணி அடிக்கக் கூடாது. வேலை தொடங்க ஒரு தடவை, மதியச் சாப்பாட்டுக்கு ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. இடையில் அடித்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஏழாயிரம்பண்ணைக்குக் கிழக்கே, காய்ந்த பருத்திக் காட்டுக்கு நடுவே இருந்த அந்தப் பட்டாசுக் கம்பெனியின் எல்லா அறைகளிலிருந்தும் ஆட்கள் வெறுங்காலோடு வெளியே பாய்ந்தார்கள். அறைக்கு நாலு வாசல், நாலே ஆட்கள். யாரையும் பார்க்காதே, எதையும் எடுக்காதே, உன் வாசல் வழியாக ஓடு என்பதுதான் அங்கே முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற பாடம்.

பூச்சட்டிக்கு மருந்து செலுத்திக்கொண்டிருந்த வள்ளித்தாயும் ஓடினாள். வேலி ஓரத்து உடைமரத்தடிக்குப் போன பிறகுதான் எந்த அறையில் புகைகிறது என்று திரும்பிப் பார்த்தாள். எங்கேயும் புகை இல்லை. கேட்டுக்குப் பக்கத்தில் நின்று வாட்ச்மேன் பெத்தணன் அவளைப் பார்த்துத்தான் கையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

ஃபோர்மேன் சீனிவாசகம் முகம் வெளுத்துப்போய் வந்து சேர்ந்தார். வந்த வேகத்தில் பெத்தணனைப் பிடித்துக்கொண்டார்.

"ஏலே, ஒருத்தியக் கூப்பிட நூறு பேரு உசுரைக் கையில புடிச்சிக்கிட்டு ஓடணுமாலே?"

"உள்ள போன் கொண்டு போகக் கூடாதுங்கீக. கேட்டை விட்டு நான் நகரக் கூடாதுங்கீக. அப்ப நான் காக்கா கிட்டயா சொல்லி விட முடியும்?" என்றார் பெத்தணன்.

ஓடி வந்த பெண்களில் இரண்டு பேர் மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தார்கள். வள்ளித்தாய் அதைக் காதில் வாங்கவில்லை. கேட்டுக்கு வெளியே அவள் கணவன் அன்பரசனின் பைக் நின்றது. பின்னால் அவனுடைய அக்கா அழகுமீனா, மடியில் துண்டு சுற்றிய குழந்தை. குழந்தையின் தலை அழகுமீனாவின் தோளில் துவண்டு கிடந்தது.

கை நீட்டிக்கொண்டு ஓடியவளை அழகுமீனாதான் தடுத்தாள். கையைக் கழுவிட்டு வா என்றாள். வள்ளித்தாயின் கை முழங்கை வரைக்கும் அலுமினியப் பவுடர் படிந்து வெள்ளித்தகடு போல மின்னிக்கொண்டிருந்தது. தொட்டித் தண்ணீரில் தேய் தேய் என்று தேய்த்தாள். சோப்பு நுரை சாம்பல் நிறமாக வழிந்தது. முகத்தையும் கழுத்தையும் கழுவி, மேல்சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு வந்து பிள்ளையை வாங்கினாள்.

சினேகாவுக்கு ஒரு வயதும் இரண்டு மாதமும். தூக்கினால் ஆறு மாதப் பிள்ளையின் கனம்தான் இருந்தது. கன்னத்திலும் முழங்கால் மடிப்பிலும் செதில் செதிலாகச் சிவப்பு. மறுபடியும் போச்சா என்று கேட்டாள். அழகுமீனா ஒரு துணியை விரித்துக் காட்டினாள். ரத்தமும் சளியும் கலந்து போயிருந்தது. இந்த மாதத்தில் இது மூன்றாவது தடவை.

பைக் சாத்தூர் சாலையில் பறந்தது. முன்னால் அன்பரசன், நடுவில் பிள்ளையோடு வள்ளித்தாய், பின்னால் ஓரத்தில் தொற்றிக்கொண்டு அழகுமீனா. பிள்ளை அழவில்லை. அழுதிருந்தால் வள்ளித்தாய்க்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும்.

எல்லாம் நாலு மாதத்துக்கு முன்னால் தொடங்கியது. வள்ளித்தாய் மறுபடியும் வேலைக்குப் போகவேண்டி வந்ததால், பகலில் பிள்ளைக்குப் பசும்பால் கொடுக்கச் சொல்லியிருந்தாள். முதல் சங்கு உள்ளே போன ஒரு மணி நேரத்தில் உடம்பெல்லாம் தடித்துப் பிள்ளை வாந்தியெடுத்து நீலம் பாரித்துவிட்டது. சாத்தூரில் பிள்ளைகளுக்குப் பார்க்கிற கீர்த்திகா டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்து, இந்தக் குழந்தைக்கு மாட்டுப் பால் எதிரி என்று சொல்லிவிட்டார். எருமைப் பால் கூடாது, ஆட்டுப் பாலும் கூடாது. தயிர், மோர், நெய், பால் சேர்த்த பிஸ்கட் எதுவும் நாக்கில் படக் கூடாது. தாய்ப்பாலை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், பகலுக்கு வேறு ஏதாவது பாலுக்குப் பழக்குங்கள் என்றார்.

அந்த வேறு பாலைத் தேடித்தான் நாலு மாதமும் ஓடியது. டாக்டர் முதலில் எழுதிக்கொடுத்த சோயா பவுடர் டின்னைச் சாத்தூரில் தேடி, விருதுநகரில் தேடி வாங்கி வந்தார்கள். சினேகா ஒரு வாய் வைத்துவிட்டு அழகுமீனாவின் முகத்திலேயே துப்பினாள். பத்து நாள் போராடியும் இறங்கவில்லை. தேங்காயைத் துருவிப் பிழிந்து கொடுத்தார்கள். குடித்தாள், ஆனால் வயிற்றோட்டம் நிற்கவில்லை. நிலக்கடலைப் பால் கொடுக்கலாமா என்று கேட்டதற்கு, இருக்கிற வம்பு போதும் என்று டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். கடைசியில் பிள்ளை விரும்பிக் குடித்தது கேப்பைப் பால். கேப்பையை, அதாவது கேழ்வரகை, ஊறவைத்து, முளைகட்டி, அரைத்து, வெள்ளைத் துணியில் பிழிந்து, கருப்பட்டி சேர்த்துக் காய்ச்சிய பால். சாதமும் பருப்பும் பிசைந்து கொடுத்து, நடுவில் இதையும் கொடுங்கள் என்று டாக்டரும் சரி சொன்னார்.

பிழிவது அழகுமீனா. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு தீயில் அவளுடைய வலது கை விரல்கள் மூன்று ஒன்றோடொன்று ஒட்டிப்போய்விட்டன. அதிலிருந்து கம்பெனி வேலை இல்லை. கட்டினவனும் இல்லை. ஒட்டிய விரல்களால் துணியை முறுக்க முடியாமல் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு இடது கையால் பிழிவாள்.

அப்படியும் பிள்ளை தேறவில்லை. போன தடவை எடை பார்த்த டாக்டர் பழைய சீட்டுகளையெல்லாம் எடுத்துப் பார்த்தார். பிறகு, எங்கேயோ ஒரு இடத்தில் இந்தக் குழந்தைக்குள் பால் போய்க்கொண்டே இருக்கிறது, அது எங்கே என்று கண்டுபிடியுங்கள் என்றார். இன்னும் எடை குறைந்தால் தன் கையில் இல்லை, மதுரைக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார்.

எங்கேயோ ஒரு இடம். வள்ளித்தாய் வீட்டைச் சல்லடை போட்டுத் தேடியிருந்தாள். பாத்திரங்களைப் புளி போட்டுத் துலக்கினாள். பழைய சங்கைத் தூக்கி எறிந்தாள். வீட்டுக்குள் ஒரு சொட்டுப் பால் வரக் கூடாது என்று சொல்லிவிட்டாள். அன்பரசன் டீ குடிக்கத் தெருமுனைக்குப் போய்வந்தான். இவ்வளவு செய்தும் பிள்ளை உருகிக்கொண்டே இருந்தால், தேட வேண்டிய இடம் ஒன்றே ஒன்றுதான் பாக்கி. அது இப்போது பைக்கில் அவள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது.

போன மாதம் அதிகாரிகள் வந்து, கிட்டங்கியில் அளவுக்கு மேல் சரக்கு இருக்கிறது என்று கம்பெனியைப் பதினைந்து நாள் மூடிவிட்டார்கள். அந்தப் பதினைந்து நாளும் வள்ளித்தாய் வீட்டில் இருந்தாள். பிள்ளைக்கு அவளே ஊட்டினாள், கேப்பைப் பாலையும் அவளே காய்ச்சினாள். பத்தாவது நாள் சினேகாவின் கன்னம் வழவழவென்று ஆகிவிட்டது. கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று கூவினாள். கம்பெனி திறந்து, பிள்ளையை மறுபடி மதினி கையில் விட்டுப் போன ஒரே வாரத்தில் சிவப்பு திரும்பி வந்தது. அடுத்த வாரம் ரத்தம்.

இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? தொடக்கத்தில் அழகுமீனாவே சொன்னவள்தான். பால் குடிக்காத பிள்ளை உலகத்தில் உண்டா, நாலு சொட்டு நாலு சொட்டாகக் கலந்து கொடுத்தால் தன்னால் பழகிவிடாதா என்று.

சாத்தூர் ரயில்வே கேட் மூடிக்கிடந்தது. லாரிக்குப் பின்னால் பைக் நின்றது. அன்பரசன் இறங்கி ஓடிப்போய் கேட்காரரிடம் கெஞ்சினான். சரக்கு வண்டி வரவேண்டும் என்று அவர் கையை விரித்தார். வெயில் மண்டையைப் பிளந்தது. சினேகா கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்தாள், திரும்ப மூடிக்கொண்டாள்.

வள்ளித்தாய் பொறுத்தது அதுவரைக்கும்தான்.

"மதினி, உங்க காலுல விழுதேன். டாக்டரம்மா கேக்கதுக்கு முன்னால எங்கிட்டச் சொல்லிருங்க. பிள்ளைக்கு என்னத்தக் கலந்து குடுத்தீக?"

அழகுமீனாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் பைக்கிலிருந்து இறங்கி நின்றாள். நான் எதுக்குக் கலக்கப் போறேன் என்று மெதுவாகக் கேட்டாள். பதினைந்து நாள் கணக்கை வள்ளித்தாய் கொட்டித் தீர்த்தாள். நான் வீட்டில் இருந்தால் தேறுகிறது, நீங்கள் வைத்திருந்தால் சாகக் கிடக்கிறது என்று லாரிக்காரர் எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினாள். அன்பரசன் ஓடி வந்து, நடுரோட்டில் என்ன பேச்சு என்று அதட்டினான். ஆனால் அவனும் அக்காவின் முகத்தைப் பார்க்காமல் தண்டவாளத்தைப் பார்த்தான். அழகுமீனா அதைக் கவனித்தாள்.

"நீயும் அப்படித்தான் நினைக்கியாலே?" என்றாள் தம்பியிடம்.

அவன் பைக் சாவியைத் திருகினான். அழகுமீனா இடது கையை நீட்டினாள்.

"அப்ப பிள்ளை தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணச் சொல்லுவீக. பண்ண மாட்டேன். அது பச்ச மண்ணு. நல்லாருக்க இந்த ஒரு கையில அடிச்சுச் சொல்லுதேன். ஒரு சொட்டு நான் குடுத்திருந்தா இதுவும் வெந்து போகட்டும்."

ரயில் வந்துவிட்டது. அதற்குப் பிறகு யார் என்ன சொன்னாலும் கேட்டிருக்காது.

கீர்த்திகா டாக்டரின் ஆஸ்பத்திரியில் முன்னால் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளையைப் பார்த்ததும் நர்ஸ் நேராக உள்ளே கொண்டு போனாள். தராசில் போட்டார்கள். போன தடவையைவிட நானூறு கிராம் குறைவு. புறங்கையில் நரம்பு கிடைக்காமல் காலில் ஊசி ஏற்றிக் குளுக்கோஸ் பாட்டிலை மாட்டினார்கள். ஊசி குத்தினபோது சினேகா ஒரு முனகல் முனகினாள், அவ்வளவுதான்.

வள்ளித்தாய் சுவரில் சாய்ந்து வழுக்கித் தரையில் உட்கார்ந்தாள். இருக்கன்குடி மாரியம்மனை மனதுக்குள் கூப்பிட்டாள். என்ன நேர்த்திக்கடன் என்று சொல்லவில்லை. எது வேண்டுமானாலும் என்று மட்டும் சொன்னாள்.

டாக்டர் ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, நேற்றுக் காலையிலிருந்து பிள்ளை வாயில் போன ஒவ்வொன்றையும் சொல்லச் சொன்னார். அழகுமீனா வாசல் பக்கம் நின்றபடி சொன்னாள். ஏழு மணிக்கு இட்லி, தொட்டுக்கொள்ள ஒன்றுமில்லை. பத்து மணிக்குக் கேப்பைப் பால் அரை டம்ளர். ஒரு மணிக்குப் பருப்புச் சாதம், நெய் இல்லை, நல்லெண்ணெய் இரண்டு சொட்டு. நாலு மணிக்கு அவித்த வாழைப்பழம். பக்கத்து வீட்டுப் பிள்ளை பிஸ்கட்டோடு வந்தால் கதவைச் சாத்திவிடுவாளாம். பக்கத்து வீட்டில் பால் டம்ளர் கழுவின தண்ணீர் ஓடுகிற பக்கம்கூடப் பிள்ளையைத் தவழ விடுவதில்லையாம். அவளுக்குக் காலையில் காப்பி இல்லாவிட்டால் தலை வெடிக்கும். நாலு மாதமாக அவளும் வரக்காப்பிதான், பிள்ளையைத் தூக்குகிற கையில் பால் வாடை வேண்டாம் என்று.

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"இதைவிடச் சுத்தமா என்னால என் பிள்ளைக்கே பார்க்க முடியாதும்மா" என்றார்.

அழகுமீனா ஒட்டிய விரல்களால் முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

வள்ளித்தாய் விடவில்லை. எழுந்து வந்து, பதினைந்து நாள் தேறினது பொய்யா, பிள்ளை எழுந்து நின்றது பொய்யா என்று டாக்டரிடமே சண்டைக்குப் போனாள். டாக்டர் கோபப்படவில்லை. எந்தப் பதினைந்து நாள் என்று கேட்டார். கம்பெனி மூடிய தேதியையும் திறந்த தேதியையும் எழுதிக்கொண்டார். அந்த நாட்களில் பிள்ளைக்கு என்ன மாறியது என்று கேட்டார். ஒன்றும் மாறவில்லை, அதே இட்லி, அதே கேப்பைப் பால், நான் கொடுத்தேன் என்பது ஒன்றுதான் வித்தியாசம் என்றாள் வள்ளித்தாய்.

பேனா நோட்டின் மேல் அப்படியே நின்றது. டாக்டர் அதை மூடி வைத்தார்.

"பிள்ளை இன்னும் உங்ககிட்ட பால் குடிக்குதில்ல?"

விடியற்காலையில் ஒரு தடவை, வேலை விட்டு வந்ததும் ஒரு தடவை, தூங்குகிறபோது ஒரு தடவை என்றாள். அதை நிறுத்தாதே என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்றாள்.

"சொன்னேன். சொன்னப்பவே இன்னொண்ணும் கேட்டிருக்கணும். அம்மா குடிக்கிற மாட்டுப் பாலும் தாய்ப்பால் வழியா பிள்ளைக்குப் போகும். நீங்க பால் குடிப்பீங்களா?"

எங்கள் வீட்டில் நாலு மாதமாக ஒரு சொட்டுப் பால் இல்லை என்று சட்டென்று சொன்னாள் வள்ளித்தாய். வீட்டில் இல்லை, வேலை இடத்தில் என்று டாக்டர் கேட்டார்.

அன்பரசன் வள்ளித்தாயைப் பார்த்தான். அவள் டாக்டரைப் பார்க்கவில்லை, கட்டிலில் கிடந்த பிள்ளையையும் பார்க்கவில்லை. வாசலோரம் நின்ற அழகுமீனாவின் பக்கம் திரும்பினாள்.

"மருந்துத் தூசியப் பால்தான் முறிக்கும்னு கம்பெனியில டம்ளரு டம்ளரா குடுப்பாக மதினி; எம்பால் வழியா தூசி பிள்ளைக்குப் போயிரக் கூடாதுன்னு, சினேகாவுக்கு முடியாமப் போனதுலேருந்து நான் ரெண்டு டம்ளரை மூணாக்கிக் குடிச்சேன்."