இல்லாத பிரேக்

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் முப்பது வருடம் மாணவர்களுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அந்த அம்மாள் சேர்த்த சொத்து இரண்டு. ஒன்று, ‘பிரேக்கம்மா’ என்ற பட்டப்பெயர். இன்னொன்று, கழுத்தெலும்பு மூட்டுகளில் வாடகை கொடுக்காமல் குடியேறிய தேய்மானம். பட்டப்பெயர் சும்மா வரவில்லை. பயிற்சி வண்டியில் ஆசிரியர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். அதை அவர் மிதித்த மிதியில் ஒரு மாணவரின் மூக்குக்கண்ணாடி பறந்துபோய் எதிரே வந்த லாரிக்காரர் மூக்கில் உட்கார்ந்துகொண்டதாம். லாரிக்காரருக்குப் பார்வை நன்றாகத் தெரிந்ததால் திருப்பிக் கொடுக்கவே இல்லையாம்.

தேய்மானம் சாதாரண நாளில் பேசாமல் கிடக்கும். கிளம்பிவிட்டால்தான் வினை. கழுத்து சிமெண்டு பூசியதுபோல் இறுகிவிடும். யாராவது கூப்பிட்டால் தலை திரும்பாது. துறைமுகத்தில் கப்பல் திரும்புவதுபோல் ஆளே முழுசாகத் திரும்புவார். அவர் திரும்பி முடிப்பதற்குள் கூப்பிட்டவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்துவிடலாம்.

இந்த முறை அது கிளம்பிய நேரம்தான் சரியில்லை. ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டிய நேரம். அவர் வயதுக்காரர்கள் அதிகாரி முன்னால் உட்கார்ந்து இடம், வலம், தோளுக்குப் பின்னால் என்று கழுத்தைத் திருப்பிக் காட்ட வேண்டும். திரும்பாவிட்டால் கார்ச் சாவி கைமாறும். கணவருக்கோ சைக்கிளைப் பார்த்தாலே தலைசுற்றும். மிச்சம் இருப்பது மாடியில் குடியிருக்கும் கொழுந்தன்.

கொழுந்தன் தங்கமான மனிதர், ஸ்டியரிங்கைத் தொடாத வரைக்கும். வளைவில் கதை சொல்வார். நேர் ரோட்டில் அதற்கு அபிநயம் பிடிப்பார். லைசென்ஸ் தேர்வுக்காகப் பலமுறை அவரோடு வண்டியில் ஏறி இறங்கிய அதிகாரி, இவருக்கு லைசென்ஸ் கொடுத்துவிட்டால் இனிமேல் நாம் ஏற வேண்டாமே என்று கணக்குப் போட்டுத்தான் கொடுத்தார் என்பது பிரேக்கம்மாவின் கட்சி.

“கவலையே படாதீங்க அண்ணி. இனிமே நீங்க எங்க போகணும்னாலும் நான்தான் டிரைவர்” என்றார் கொழுந்தன், பாசம் பொங்க. கேட்ட மாத்திரத்தில் கழுத்து இன்னொரு சுற்று இறுகியது.

மூட்டு டாக்டர் படம் எடுத்துப் பார்த்து மாத்திரை எழுதினார். கூடவே ஒரு கைரோபிராக்டரையும் பார்க்கச் சொன்னார். முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையாலேயே சரிபார்க்கிறவர். அவரை நேரில் பார்ப்பதற்கு முன்பே வீட்டில் ‘நெட்டிக்காரர்’ என்று பெயர் வைத்தாயிற்று. நெட்டி முறிக்கிற சத்தத்தில் பக்கத்துக் கட்டடத்து ஜன்னல் விரிசல் விடும் என்று கொழுந்தன் வழியெல்லாம் இரண்டு கையாலும் விளக்கிக்கொண்டே ஓட்டினார். போய்ச் சேர்ந்தபோது காரில் பிரேக்கம்மாவின் காலடியில் கிடந்த கால்மிதி நைந்துபோயிருந்தது.

நெட்டிக்காரர் ஆள் ஒல்லி, குரல் அதைவிட ஒல்லி. படத்தைப் பார்த்தார், கழுத்தைத் தொட்டுப் பார்த்தார், வீக்கம் இருக்கும்போது முறிக்கிற பேச்சே கிடையாது என்றார். பிரேக்கம்மாவுக்குச் சப்பென்று போய்விட்டது. மேசையில் படுக்க வைத்து, தலையை இரண்டு கையிலும் ஏந்தி, பூவைத் திருப்புவதுபோல் ஒரு நூலளவு திருப்பினார். மறுமுனையில் வலது கால் சடாரென்று நீண்டு, மேசையின் கால்பலகையை ஓங்கி மிதித்தது. கழுத்து பூட்டிக்கொண்டது. தளர விடச் சொன்னார். விட்டுட்டேனே என்றார் பிரேக்கம்மா. மறுபடி ஒரு நூல், மறுபடி ஒரு மிதி. மூன்றாவது மிதியில் மேசையே வாசலைப் பார்த்துப் புறப்பட்டதாம்.

என்ன வேலை பார்த்தீர்கள் என்று நெட்டிக்காரர் கேட்டார். சொன்னதும் உட்கார்ந்து சிரித்தார். பிறகு, வலி எப்போதெல்லாம் கிளம்பும் என்று தோண்டினார். சம்பந்தி வீட்டுக்குப் போய் வந்தபோது. கடைக்குப் போய் வந்தபோது. யார் ஓட்டினார்கள்? கொழுந்தன். எல்லாவற்றுக்கும் கொழுந்தன்.

“தேய்மானத்தை அவர் கொண்டுவரலம்மா, அது வயசோட வந்தது. மாத்திரையை விட்டுடாதீங்க. ஆனா நீங்க அந்த இல்லாத பிரேக்கை மிதிக்கிறப்ப கால் மட்டும் மிதிக்கல. தாடை, தோள், கழுத்து எல்லாம் சேர்ந்து மிதிக்குது.”

சொல்லிவிட்டுக் கால்பலகையைக் கழற்றினார். பாதம் இரண்டும் அந்தரத்தில் தொங்கின. வலது கால் இங்கே தேடியது, அங்கே தேடியது, மிதிக்க ஒன்றும் கிடைக்காமல் சலித்துப்போய் ஓய்ந்தது. அந்த நொடியில் கழுத்து அவர் கைக்குள் கனமாக இறங்கியது.

“சத்தமே வரலையே” என்று குறைப்பட்டார் பிரேக்கம்மா.

“உங்களுக்குச் சத்தம் வேணுமா, கழுத்து வேணுமா?”

சில தடவை போய்வர வேண்டியிருந்தது. வீட்டில் வெந்நீர் ஒத்தடம், மெல்ல மெல்லத் திருப்பும் பயிற்சி. கொழுந்தன் காரோட்டினால் பெல்ட் போட்டுப் பின் சீட்டில், கால் தரையில் படாமல் சம்மணம்.

“என்ன அண்ணி, தியானமா?”

“உசுரு உன் கையில இருக்குல்ல தம்பி.”

அதிகாரியைப் பார்க்கும் நாள் வந்தது. அண்ணிக்கு வெயில் படக் கூடாதென்று, காரை நிழலில் நிறுத்தப் போனார் கொழுந்தன். உள்ளே, அதிகாரி முட்டி இடிக்கிற மாதிரி குறுகலான மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். இடப்பக்கம் கழுத்து நன்றாகவே திரும்பியது. வலப்பக்கம் கொஞ்சம் முனகிவிட்டுத் திரும்பியது. பின்னால் பார்க்கச் சொன்னபோதுதான் பாதி வழியில் நின்றுவிட்டது. அதிகாரி பேனாவை எடுத்தார்.

அப்போது ஜன்னல் ஓரத்தில், தன் சொந்தக் கார், பின்பக்கமாக, சுவரை நோக்கிச் சந்தோஷமாக வருவது பிரேக்கம்மாவின் கண்ணில் பட்டது. கழுத்து மிச்சத் தூரத்தையும் திரும்பியது. கொஞ்சம் விட்டிருந்தால் ஒரு சுற்றுச் சுற்றி மறுபக்கமாக வந்திருக்கும். வலது கால் மேசைக்கடியில் பிரேக்கைத் தேடி, கிடைத்ததை மிதித்தது. கார் சுவருக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்றது.

அதிகாரியின் முகம் சிவந்திருந்தது. “கழுத்து நல்லாத் திரும்புதும்மா. காலும் நல்லா வேலை செய்யுது. கொஞ்சம் எடுத்தீங்கன்னா என் காலும் செய்யும்.”

திரும்பும்போது பிரேக்கம்மா ஓட்டினார். சந்து வந்தால் திரும்பிப் பார்த்தார், சந்து இல்லாத இடத்திலும் பார்த்தார். பக்கத்து இருக்கையில் கொழுந்தனின் வலது கால் மெல்ல நீண்டு தரையை அழுத்தியது.

“அண்ணி, முன்னாடியும் கொஞ்சம் பாருங்க.”

“தரையை மிதிக்காத தம்பி. கழுத்துக்கு ஆகாது.”