பதிவேட்டில் ஏறாத பெண் சிங்கம்

அக்டோபர் இருபத்தாறாம் தேதி காலை பத்தரை மணிக்குச் சமையல் கொட்டகையில் இருந்தவர்கள் நான்கு பேர். முகாம் மேலாளர் சக்காலா, கம்பிவலைக் கதவுக்குப் பக்கத்தில், இருந்த ஒரே நாற்காலியில். வழிகாட்டி யோத்தாமு, கவிழ்த்துப் போட்ட தொட்டியின் மேல். சமையற்காரி செலிப்பா, சோள மாவு மூட்டையின் மேல், மடியில் பூசணிக் கீரையோடு. எழுத்தராகிய நான் பழப்பெட்டியின் மேல் பதிவேட்டை விரித்துத் தரையில். காட்டு விலங்குகளைப் பார்க்க வந்து தங்கியிருந்த விருந்தினர் ஆறு பேரும் ஆற்றோரம் நடை போயிருந்தார்கள். முகாமின் ஒரே துப்பாக்கியும் காவலரோடு அவர்களுடன் போயிருந்தது.

என் மனைவி டைலேசி வெளியே மரத்தடியில் படுக்கை விரிப்புகளைக் கொடியில் உலர்த்திக்கொண்டிருந்தாள்.

மாதக் கடைசியில் இப்படிக் கூடுவது வழக்கம். கண்ணில் பட்ட விலங்குகளை நான் வாசிப்பேன். அது கடிதமாகித் தலைநகர் லுசாக்காவிலிருக்கும் அலுவலகத்துக்குப் போகும். மழைக்கு முந்தைய மாதம் என்பதால் பட்டியல் நீளம். குளங்கள் வற்றி, காடே ஆற்றங்கரைக்கு வந்து நின்றது.

"சிறுத்தை ஒன்பது தடவை. காட்டு நாய் ரெண்டு தடவை. எருமைக் கூட்டம் தெனமும்..."

"தாங்கித் தாங்கி நடக்குற பொட்டச் சிங்கத்த எழுதுனியா ஜைலோஸு?" என்று செலிப்பா குறுக்கிட்டாள்.

எழுதவில்லை. பதிவேட்டில் ஏற விருந்தினர் ஒருவராவது பார்த்திருக்க வேண்டும். எங்கள் கண்கள் கணக்கில் சேரா. ஒன்பதாம் தேதி அவளும் டைலேசியும் மூச்சிரைக்க வந்து, ஊர்ப் பாதையில் சிங்கம் பின்னாலேயே வந்ததாகச் சொன்னபோது, பேனாவைத் திறக்காமலே கேட்டேன்: "கூட விருந்தாளி யாராச்சும் இருந்தாங்களா?" பதினாறாம் தேதி மறுபடி வந்து சொன்னபோதும் அதையே கேட்டேன்.

"விடியக்காலம் வேலைக்கு வர்றப்ப ஒரு வெள்ளக்காரர இடுப்புல தூக்கிட்டு வரணும்போல," என்றாள் செலிப்பா.

யோத்தாமு சிரிக்கவில்லை. "முன்னங்கால்ல முள்ளம்பன்றி முள்ளு ஏறியிருக்கு. மான வெரட்ட முடியாது. மெதுவாப் போறதத்தான் பாக்கும்."

"எழுதுனா வனப் பூங்கா அதிகாரி முகாமப் பூட்டிருவாரு," என்றார் சக்காலா. "மூணு வாரத்துல மழை வந்து நாமளே பூட்டிட்டுப் போகப்போறோம். பொறுக்க மாட்டியாக்கா?"

"நான் பொறுப்பேன் தம்பி. அது பொறுக்கணுமே."

அப்போது மரத்தில் இருந்த குரங்குகள் ஆபத்தைக் கண்டதுபோலக் குரைத்தன. யோத்தாமு கையை உயர்த்தினான்.

விரிப்புகளுக்குக் கீழே டைலேசியின் செருப்புக் கால்கள் தெரிந்தன. அவளுக்கு அப்பால், கடைசி வரிசை விரிப்பின் கீழ், மஞ்சள் நிறத்தில் வேறு கால்கள். நான்கு. அதில் ஒன்று தரையைத் தொடவில்லை.

எழப்போன என் தோளை யோத்தாமு அழுத்தினான். "ஓடுனா முடிஞ்சுது. கத்தாத."

செலிப்பா கீரையிலிருந்து கண் எடுக்காமல், வாய்ச்சண்டைக்கு இழுப்பவள்போலக் கூப்பிட்டாள்: "ஏ டைலேசி! போட்டது போதும். குனியாத, திரும்பாத. எங்கிட்டப் பேசிக்கிட்டே அப்படியே பின்னால நடந்து வா."

"என்னக்கா வெளையாட்டு?"

"ஒம் புருஷன் கூப்புடுறான். வாயத் தொறக்கத் தெரியாம ஒக்காந்திருக்கான் கழுத."

செருப்புகள் அசையாமல் நின்றன. அவளுக்குப் புரிந்துவிட்டது. பிறகு ஒரு கால் பின்னால் வந்தது.

"நேத்து ராத்திரி என்ன ஆக்குன?"

"ந்சிமாக் களி."

"தொட்டுக்க?"

"காஞ்ச... காஞ்ச மீனு."

எட்டு, ஒன்பது என்று நான் மனதுக்குள் எண்ணினேன். பதினான்காவது அடியில் காற்று விரிப்பைத் தூக்கியது. விலா எலும்புகள் தெரியும் உடம்பு. கண்கள் அவள்மேல். அடிபட்ட கால் முன்னே வந்தது. ஒரு அடி. இன்னொன்று.

இருபத்திரண்டாவது அடியில் சக்காலா அவள் இடுப்பைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார். யோத்தாமு அண்டா மூடியை அடித்தான். சிங்கம் ஓடவில்லை. எங்களைப் பார்த்தது, பிறகு நொண்டியபடி ஊர்ப் பாதையில் இறங்கியது.

"நல்லவேளை, விருந்தாளி யாரும் பாக்கல," என்றார் சக்காலா. சொன்ன பிறகு அவரே தலையைக் குனிந்துகொண்டார்.

டைலேசி கம்பிவலை வழியாக ஊர்ப் பாதையைப் பார்த்தாள். "ஊர்ல பிள்ளைங்க வெளிய வெளையாடிக்கிட்டு இருக்கும்," என்றாள்.

மேலாளர் கையெழுத்திட்ட தாள் இல்லாமல் சிங்கத்தைச் சுடப் பூங்கா அலுவலகத்திலிருந்து துப்பாக்கி புறப்படாது. பதிவேட்டை ஒதுக்கிவிட்டு வெள்ளைத் தாளில் எழுதினேன்: ஒன்பது, பதினாறு, இருபத்தாறு. பார்த்தவர் பெயர்கள். முன் இடது கால். முதல் இரண்டு முறையும் சொன்னார்கள், எழுதாமல் விட்டவன் நான். அதையும் எழுதினேன்.

சக்காலா இரண்டு முறை படித்தார். "பூட்டிருவாங்கடா. ஒனக்கும் வேலை போயிரும்."

"தெரியுங்க."

கையெழுத்திட்டு, வண்டிச் சாவியை யோத்தாமுவிடம் கொடுத்தார். "மொதல்ல ஊருக்குப் போயி எல்லாரையும் வீட்டுக்குள்ள போகச் சொல்லு. அப்புறம் அதிகாரி."

உறையின் மேல் 'அவசரம்' என்று எழுதினேன். செலிப்பா கொடுத்த மாவுக் கூழால் ஒட்டினேன். வாசலை ஒட்டி நின்ற வண்டியில் யோத்தாமு ஏற, கதவிடுக்கு வழியாகக் கடிதத்தை நீட்டினேன். ஒலிப்பானை விடாமல் அடித்தபடி வண்டி ஊர்ப் பாதையில் இறங்கியது.