இடுக்கில் மாட்டிய கை

மனைவியை ஆபரேஷன் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்கள். அந்த நொடியிலிருந்து ஒயர்மேனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கூடம் நிறைய நாற்காலிகள் காலியாகத்தான் கிடந்தன. உட்கார்ந்தால் முள்ளாகக் குத்தியது. தண்ணீர்க் குழாய்க்கும் லிஃப்டுக்கும் நடுவே குட்டி போட்ட பூனை மாதிரி அலைந்தார். சுவரில் ஒரு சுவிட்ச் போர்டு கோணலாகத் தொங்கியது. சும்மா இருக்க முடியாமல் அதை நிமிர்த்தப் போனார். கூடத்தில் பாதி விளக்குகள் அணைந்தன.

நர்ஸ் ஓடி வந்தாள். "சார், நீங்க என்ன பண்றீங்க?"

"லூஸா இருந்துச்சும்மா. நான் ஒயர்மேன்தான், பயப்படாதீங்க."

"யாரா வேணா இருங்க. தயவுசெஞ்சு கீழ போங்க. உங்கள பாத்துப் பாத்து இங்க உக்காந்திருக்கிறவங்களுக்கெல்லாம் பிரஷர் ஏறுது. முடிஞ்சதும் நானே போன் பண்றேன்."

விளக்குகளைத் திரும்ப எரிய வைத்துவிட்டுத்தான் அவர் கீழே இறங்கினார்.

மனைவியின் கழுத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி. கெட்ட கட்டி இல்லை என்று டாக்டர் அடித்துச் சொல்லியிருந்தார். ஆனால் குரலுக்கான நரம்பு அதை ஒட்டித்தான் ஓடுகிறது, கத்தி கொஞ்சம் பிசகினாலும் குரல் போய்விடலாம், கண் விழித்ததும் முதலில் அவளைப் பேசச் சொல்லித்தான் பார்ப்போம் என்றும் சொல்லியிருந்தார். பாலர் பள்ளியில் ஒரு வகுப்பு வாண்டுகளை அதட்டி மேய்ப்பவள் அவள். குரல்தான் அவளுடைய பிழைப்பு. வீட்டில் ஒயர்மேனை மேய்ப்பதும் அதே குரல்தான்.

மரத்தடியில் மச்சானின் கார் நின்றிருந்தது. மச்சான் என்றால் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். டைல்ஸ், சிமென்ட் வியாபாரம். ஆள் பார்க்க அரிசி மூட்டை மாதிரி இருப்பார். மனசு மட்டும் அப்பளம். தங்கைக்குக் கட்டி என்பதே அவருக்கு நேற்றுச் சாயங்காலம்தான் தெரியும். சொல்லியிருந்த வாடகைக் கார் கடைசி நேரத்தில் வராது என்று ஆனதால் வேறு வழியில்லாமல் ஒயர்மேன் அவரைக் கூப்பிட்டார். அவர் காரைக் கொண்டுவந்தார். ஆனால் வழி முழுக்க வாயைத் திறக்கவில்லை. இப்போது வாசல் கேட்டருகே நின்று, உறவு ஜனம் ஒன்று விடாமல் போன் போட்டுச் சேதி சொல்லிக்கொண்டிருந்தார். ஒயர்மேனைக் கண்டதும் சாவியை நீட்டினார். முகத்தை மட்டும் வேறு பக்கம் வைத்துக்கொண்டார்.

காருக்குள் உட்கார்ந்த ஒயர்மேன், போனை சீட்டின் ஓரத்தில், கண்ணில் படுகிற மாதிரி வைத்தார். அடிக்கிறதா என்று பார்த்தார். அடிக்கவில்லை. பிறகுதான் டேஷ்போர்டைக் கவனித்தார். கடையில் டைல்ஸ் அறுக்கிற தூளும் சிமென்ட்டும் படிந்து, மாவு மில்லுக்குள் நிறுத்தி வைத்த கார் மாதிரி இருந்தது. ஏசி காற்று வருகிற வாயின் ஒவ்வொரு தகட்டிலும் சாம்பல் வரி. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் ஒட்டடை. கியரின் தோல் உறையில் மடிப்புக்கு மடிப்பு மண். ஒரு விரலால் கோடு போட்டார். விரல் வெளுத்தது. கைக்குட்டையை எடுத்து ஒரு இழுப்பு இழுத்தார். கொஞ்சம் கறுப்பு தெரிந்தது. பக்கத்தில் இன்னொரு இழுப்பு.

அவ்வளவுதான், கைக்கு வேலை கிடைத்துவிட்டது. எதிரே இருந்த மருந்துக் கடைக்கு ஓடிப்போய்ப் பஞ்சும் காது குடைகிற குச்சியும் வாங்கி வந்தார். டிக்கியைத் திறந்தால் சாம்பிள் டைல்ஸுக்கு மேல் புத்தம் புது பெயின்ட் பிரஷ் கிடந்தது. அதையும் எடுத்துக்கொண்டார். போனைப் பார்ப்பது, ஒரு தகட்டைக் குடைவது, மறுபடி போனைப் பார்ப்பது என்று வேலை ஓடியது. அழுக்கு பிடிவாதமாக இருந்த இடத்தில் பாட்டில் தண்ணீரைப் பஞ்சில் நனைத்துத் தேய்த்தார். தூசி போகவில்லை, குழம்பாகி அப்பிக்கொண்டது. எரிச்சலில் அழுத்தித் தேய்த்தார். தகடு ஒன்று பட்டென்று முறிந்து உள்ளே விழுந்தது.

"ஒயர்மேன்!"

மச்சான் ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்தார். சந்தோஷமாக இருந்தால் 'மாப்பிள்ளை', கோபம் வந்தால் ஊரோடு ஒத்து 'ஒயர்மேன்'. அது அவர் வழக்கம்.

"என் கார்ல கை வைக்கச் சொல்லி யார் சொன்னது?"

"தூசியா இருந்துச்சு மச்சான்."

"சிமென்ட் தூசில தண்ணி விட்டா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியாதா? டேஷ்போர்டுக்குப் பூச்சு வேலையா பண்றீங்க? முதல்ல காய்ஞ்ச பிரஷ்ல தட்டி விடணும். அப்புறம் பிழிஞ்ச துணி. குடுங்க இப்படி."

மச்சான் மறுபக்கம் ஏறி உட்கார்ந்ததும் கார் அந்தப் பக்கமாக ஒரு முறை சாய்ந்தது. பிரஷைப் பிடுங்கி மளமளவென்று தட்ட ஆரம்பித்தார். உள்ளே புழுதி மண்டலம் எழும்பியது. இருவரும் மாறி மாறித் தும்மினார்கள். தும்மலுக்கு நடுவில்தான் மச்சான் கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"கூடப்பிறந்தவன் நான் ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் இருக்கேன். எனக்கு ஒரு வார்த்தை சொல்லல. கார் வேணும்னதும் நினைப்பு வந்துச்சு, இல்ல?"

ஒயர்மேன் கியர் உறையின் மடிப்பைக் குச்சியால் குடைந்தார். "தப்புதான் மச்சான்."

"தப்புன்னு சொன்னா ஆச்சா? ஏன் சொல்லல?"

"சொல்ல வேணாம்னு தோணுச்சு."

"உங்களுக்கு என்ன தோணுறது? அவ என் தங்கச்சி! கல்யாணம் பண்ணிக் குடுத்துட்டா என்னை அறுத்து விட்டுடுவீங்களா? அவளுக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிருந்தா..."

அந்தச் சொல் ஒயர்மேனைச் சுட்டது. காலையிலிருந்து அடக்கி வைத்தது எல்லாம் திமிறிக்கொண்டு வந்தது.

"நான் சொல்ல வேணாம்னு சொல்லல. அவதான் சொன்னா. 'அண்ணன்கிட்ட மூச்சு விடாதீங்க. அவன் என்னைப் பாத்து அழுதுடுவான். அவன் அழுதா எனக்குப் பயம் வந்துடும்'னு. அவளுக்குப் பல்லு புடுங்கினப்போ நீங்க மயக்கம் போட்டு விழுந்தீங்களே, டாக்டர் அவள விட்டுட்டு உங்களப் படுக்க வச்சாரே, அத நினைச்சுதான். போதுமா?"

பிரஷ் நின்றது. மச்சான் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். 'வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாமே' என்று ஒயர்மேன் தன்னையே திட்டிக்கொண்டார்.

"நான் ஒண்ணும் எல்லாத்துக்கும் அழ மாட்டேன்" என்றார் மச்சான் கடைசியில், சின்னக் குரலில். பிறகு டேஷ்போர்டின் ஒரே இடத்தையே திரும்பத் திரும்பத் தட்டினார்.

என்ன சொல்லித் தேற்றுவது என்று தெரியாமல் ஒயர்மேன் நகர்ந்து உட்கார்ந்தார். அவர் தொடை பட்டு, சீட்டின் ஓரத்திலிருந்த போன் சறுக்கியது. சீட்டுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே இருந்த இடுக்கில் விழுந்து மறைந்தது. விழுந்த வேகத்தில் அடிக்கவும் தொடங்கியது.

"நர்ஸு!" என்றார்கள் இருவரும்.

ஒயர்மேன் யோசிக்கவே இல்லை. எத்தனை சுவர் ஓட்டைக்குள், எத்தனை ஜங்ஷன் பெட்டிக்குள் நுழைந்து வந்த கை! மணிக்கட்டுவரை உள்ளே விட்டார். விரல் நுனியில் போன் அதிர்வது தெரிந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தினார். கைக்கடிகாரத்தின் இரும்புப் பட்டை எதிலோ போய்க் கொக்கி போட்டுக்கொண்டது. போன் மணி நின்றது. கையை இழுத்தார். வரவில்லை.

"இழுங்க மாப்பிள்ளை!"

"இழுத்தா தோலு உரியுது. சீட்டைப் பின்னாடி தள்ளுங்க!"

மச்சான் சுற்றி ஓடி வந்து, சீட்டுக்கு அடியிலிருந்த கம்பியைத் தூக்கிப் பிடித்துத் தள்ளினார். சீட்டு ஓடுகிற தண்டவாளத்தில் வருஷக்கணக்கான மணலும் சிமென்ட்டும் இறுகிக் கிடந்தன. சீட்டு ஆணி அடித்தாற்போல் நின்றது.

"இத விடுங்க மச்சான். மேல ஓடுங்க. என்னன்னு கேளுங்க. ஓடுங்க!"

மச்சான் ஓடினார். அந்த உடம்பு அவ்வளவு வேகமாக ஓடும் என்று ஒயர்மேனுக்கு அன்றுதான் தெரிந்தது.

தனியாக, ஒரு பக்கமாகச் சாய்ந்து, கழுத்தை முறுக்கிக்கொண்டு ஒயர்மேன் கிடந்தார். நடக்க முடியாது, எழ முடியாது. நர்ஸ் ஏன் கூப்பிட்டாள்? நல்ல சேதியென்றால் ஒரு தடவையோடு விட்டிருப்பாளா? கெட்ட சேதியென்றால் மறுபடி கூப்பிட்டிருப்பாளே? இப்படி மனசு செக்கு மாடாகச் சுற்றியது. கால் மட்டும் தன் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

அந்த வழியாக வந்த காவலாளி குனிந்து பார்த்தார். "யோவ், என்னய்யா நோண்டுற? யாரு காரு இது?"

"மச்சான் காரு."

"எல்லாருமே இப்படித்தான் சொல்றாங்க. வண்டி நம்பர் என்ன?"

ஒயர்மேனுக்கு அந்த நேரத்தில் தன் பேரே ஞாபகம் இல்லை. "தெரியாதுங்க. கை மாட்டிக்கிச்சு."

"மாட்டத்தானே செய்யும்" என்றார் காவலாளி திருப்தியாக. கதவருகே காலை அகட்டிப் போட்டு நின்றுகொண்டார்.

போன் மறுபடி அடித்தது. விரல் நுனிக்குக் கீழே எறும்பு ஊர்வது மாதிரி துடித்தது. மச்சானாகத்தான் இருக்கும். கண்ணால் பார்க்க முடியாமல் குருட்டாம்போக்கில் தடவினார். விரல் எங்கே பட்டதோ, சத்தம் அறுந்தது. ஒயர்மேன் நெற்றியை ஸ்டீயரிங்கில் முட்டிக்கொண்டார். ஹாரன் அலறியது. காவலாளி ஒரு அடி பின்னால் குதித்தார்.

நிமிர்ந்து பார்த்தபோது மச்சான் வந்துகொண்டிருந்தார். ஓடி வரவில்லை, நடந்துதான் வந்தார். இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தோள் குலுங்க, விக்கி விக்கி அழுதபடி வந்தார்.

ஒயர்மேன் எழப் பார்த்தார், மாட்டிய கை விடவில்லை.

"மச்சான்! என்ன ஆச்சு?"

மச்சான் கார் கதவைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. திறந்த வாயை மூடி, மார்பைத் தட்டி, மறுபடி அழுதார்.

"சொல்லித் தொலைங்க மச்சான்! உயிர் போகுது! அவ இருக்காளா?"

மச்சான் தலையை ஆட்டினார். அது ஆமாம் என்பதற்கா, இல்லை என்பதற்கா என்று கடவுளுக்கும் புரிந்திருக்காது.

"குரலு போயிடுச்சா?"

மறுபடி அதே ஆட்டம். ஒயர்மேன் பிராணனைப் பிடித்துக்கொண்டு கையை இழுத்தார். கடிகாரப் பட்டை இன்னும் இறுகியது. பார்த்துக்கொண்டிருந்த காவலாளிக்கே பொறுக்கவில்லை. மச்சானின் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தார்.

"பேசுனா" என்றார் மச்சான், கதவு திறந்துகொண்டது மாதிரி. "பேசிட்டா மாப்பிள்ளை! நல்லபடியா முடிஞ்சுதாம். முழிச்சதும் டாக்டர், 'ஏதாவது பேசும்மா'ன்னாராம். 'முதல்ல அந்த ஜன்னலைச் சாத்துங்க, வெயில் மூஞ்சில அடிக்குது'ன்னாளாம்!"

ஒயர்மேன் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் எதுவாகவோ ஆகிவிட்டது. "அவளேதான்" என்று மட்டும் சொல்ல முடிந்தது.

காவலாளி தொப்பியைக் கழற்றிவிட்டு, "நகருங்க" என்று தரையில் மண்டியிட்டார். மச்சான் பிரஷால் தண்டவாளத்து மண்ணைக் கீறிக் கீறித் தள்ளினார். காவலாளி சீட்டின் கம்பியைத் தூக்கிப் பிடித்தார். மூவரும் சேர்ந்து தம் கட்டியதில் சீட்டு கிறீச்சென்று நான்கு விரற்கடை நகர்ந்தது. கை வெளியே வந்தது. முழங்கைவரை சாம்பல் பூசி, மணிக்கட்டில் தோல் வழன்று, விரல்களுக்கு நடுவே போனோடு வந்தது.

அன்று மாலை அவளைப் பார்க்க விட்டார்கள். கழுத்தில் கட்டோடு படுத்திருந்தாள். குரல் கரகரவென்று, ரேடியோவில் சரியாகச் சிக்காத நிலையம் மாதிரி வந்தது. போகப் போகத் தெளிந்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் முதலில் ஒயர்மேனின் கையைப் பார்த்தாள், பிறகு அண்ணனின் வீங்கிய கண்ணைப் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டீங்களா?"

"சேச்சே. கார் துடைச்சோம்" என்றார் மச்சான்.

ராத்திரி துணைக்கு ஒருவர்தான் இருக்கலாம் என்றாள் நர்ஸ். ஒயர்மேன் நாற்காலியை இழுத்துப் போடப் போனார். அவள் கையை உயர்த்தித் தடுத்தாள்.

"நீங்க வீட்டுக்குப் போய்க் குளிச்சுட்டுப் படுங்க. உங்களால ஒரு இடத்துல உக்கார முடியாது. அண்ணன் இருக்கட்டும்."

மச்சான் ஒயர்மேனைத் திரும்பிப் பார்த்தார். அவருடைய உதடு துடிக்க ஆரம்பித்தது.

"அண்ணே" என்றாள் அவள். "அழணும்னா வராண்டாவுல போய் அழுதுட்டு வா. பரவாயில்ல, நான் பயப்படல."

மச்சான் கார் சாவியை நீட்டினார். ஒயர்மேன் அந்தக் கையோடு ஸ்டீயரிங் பிடிக்க முடியாது என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். பஸ் நிறுத்தத்தில் கொஞ்ச நேரம் நின்றார். பஸ் வரும் திசையை எட்டி எட்டிப் பார்த்தார். நிற்கப் பொறுக்காமல் அடுத்த நிறுத்தத்தை நோக்கி நடக்க ஆரம்பித்தார்.