கரண்டிமூக்கைப் பார்த்த இருவர்

அந்த மூன்று சிநேகிதர்களுக்கும் நடுவே ஒரே ஒரு சட்டம்தான். ஒருவர் மட்டும் பார்த்த பறவை நோட்டில் ஏறாது. இரண்டாவது ஆளும் தொலைநோக்கியில் கண் வைத்து, "பார்த்தேன்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அப்புறம்தான் தபால்காரர் பேனா மூடியைக் கழற்றுவார். கடவுளே இறங்கிவந்து கொக்கைப் பார்த்தேன் என்றாலும், "கூட யாரு பார்த்தா?" என்று கேட்கிற மனிதர் அவர்.

குளிர் விலகிய வசந்தத்தில், வடக்கே திரும்பிப் போகிற பறவைகள் அந்த மீனவக் கிராமத்துச் சேற்றுத்திட்டில் இறங்கி வயிற்றை நிரப்பிக்கொள்ளும். பார்ப்பது மருந்துக்கடைக்காரியின் வேலை. கடை திறக்கும் முன்பே, விடியும்போது, தொலைநோக்கியைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்துவிடுவாள். எழுதுவது ஓய்வுபெற்ற தபால்காரர். கண்ணில் புரை, ஆனால் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். இரண்டாவது கண் ஐஸ்காரனுடையது. ஐஸ் ஆலையில் வேலை முடித்து, சட்டையில் அமோனியா வாடையோடு நேரே சேற்றுக்கு வருவான். வயது நாற்பத்தாறு, தனிக்கட்டை.

இந்த இரண்டாவது கண்ணின் லட்சணத்தைச் சொல்லிவிடுகிறேன். எட்டு வசந்தம் கழிந்தும் அவனுக்கு உள்ளான் எது, உப்புக்கொத்தி எது என்று தெரியாது. அவள் கூப்பிடுவாள், இவன் குனிவான். சேறு தெரியும். சேற்றில் சேற்று நிறத்திலேயே என்னவோ ஓடும். இரண்டு நொடியில் "பார்த்தேன்" என்று நிமிர்ந்துவிடுவான். அந்தச் சொல்லைக் கேட்டதும் அவள் முகம் மலரும். அதைத் தவறவிடக் கூடாதே! காதல்தான், வேறென்ன. அதைச் சொல்லத் துப்பில்லாதவன், பார்க்காததை மட்டும் பார்த்தேன் என்று கூசாமல் சொன்னான்.

அன்று காலை அவள் கூப்பிட்ட குரலே வேறாக இருந்தது.

"ஐஸ்காரரே, ஓடி வாங்க! கரண்டிமூக்கு உள்ளான்!"

உலகத்திலேயே சில நூறுதான் மிச்சம் என்று அவள் எத்தனையோ முறை சொன்ன பறவை. சிட்டுக்குருவி அளவுதான், ஆனால் மூக்கு நுனி கரண்டிபோல் அகன்றிருக்கும். அவன் குனிந்தான். சேறுதான் தெரிந்தது. ஓரக்கண்ணில் அவள் முகமும் தெரிந்தது.

"பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

அவள் அழுதேவிட்டாள். தபால்காரர் இருவர் பெயரையும் எழுதி, பறவைக் கணக்கெடுப்பு அலுவலகத்துக்குக் கடிதம் போட்டார். நேரில் வந்து விசாரிக்கிறோம், அதுவரை பார்த்த இருவரும் அதைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொள்ளக் கூடாது என்று பதில் வந்தது. அவள் அதை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தாள். அதிகாரி வரும்வரை பத்து நாளும் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவனும் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருந்தாலாவது தப்பித்திருப்பான்.

வந்த பெண் அதிகாரி கடைக்குப் பின்னால், மருந்துப் பெட்டிகள் அடுக்கிய அறையில் உட்கார்ந்து முதலில் அவளை விசாரித்தார். பிறகு அவளை வெளியே அனுப்பிவிட்டு அவனைக் கூப்பிட்டார்.

"மூக்கு எப்படி இருந்துச்சு?"

"கரண்டி மாதிரி."

"பறந்துச்சா?"

"ஆமாங்க. நான் பார்க்கறப்பவே பறந்துடுச்சு." வாய் தானாகக் கதை கட்டியது.

"கால்ல ஏதாவது இருந்துச்சா?"

பறவைக் காலில் என்ன இருக்கும், கொலுசா? நம்மை மடக்கப் பார்க்கிறார் என்று நினைத்தான். "ஒண்ணும் இல்லைங்க. நல்லா பார்த்தேன்."

அதிகாரி அவளையும் தபால்காரரையும் உள்ளே அழைத்து நோட்டை மூடிவைத்தார். "இதை ஏத்துக்க முடியாதுங்க. இடது கால்ல பச்சைப் பட்டை இருந்துச்சு, அரை மணி நேரம் நின்னு மேஞ்சுதுன்னு நீங்க சொல்றீங்க. பட்டையே இல்லை, உடனே பறந்துடுச்சுன்னு இவர் சொல்றார். ஒருத்தர் பொய் சொல்றீங்க."

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். "பட்டை தெரியலையா உங்களுக்கு? ஆராய்ச்சிக்காரங்க கட்டற பட்டை. அவ்வளவு பளிச்சுன்னு இருந்துச்சே."

இன்னொரு பொய்க்கு வழி இருந்தது. ஆனால் அது அவளைப் பொய்க்காரி ஆக்கிவிடும். அந்த மட்டுக்காவது அவனுக்கு மனசாட்சி இருந்தது.

"இவங்க சொல்றது நிஜம். நான்தான் பார்க்கலை."

அவள் முகத்தில் ஒரு கணம் நிம்மதி வந்தது. மறுகணமே போனது. "அப்போ போன வருஷம் அந்த வளைஞ்ச மூக்குப் பெரிய உள்ளான்?"

"பார்க்கலை."

"முதல் வருஷம், அந்தக் கல்திருப்பி?"

"எதையுமே பார்க்கலைங்க."

அப்படியானால் எட்டு வருடக் கணக்கும் செல்லாது என்றார் அதிகாரி. அவர் குரலில்கூட வருத்தம் இருந்தது. தபால்காரர் நோட்டை எடுத்து நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் வெளியே போனார். பின்னாலேயே அதிகாரியும் எழுந்து போனார்.

"ஏன்?" என்று கேட்டாள் அவள்.

"உங்க முகத்தைப் பார்த்துட்டு இருந்தேன்." எட்டு வருடம் பூட்டிவைத்ததை, சொல்லக்கூடாத நாளாகப் பார்த்துச் சொன்னான். "எனக்கு உங்களை அவ்வளவு பிடிக்கும்."

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"கடையை வித்துட்டு வந்துடுன்னு எங்க அண்ணன் மூணு தடவை கூப்பிட்டான். ஏன் போகலை தெரியுமா? நான் பார்க்கறதை இங்க ஒருத்தர் பார்க்கறார்னு இருந்தேன். அதுக்காகத்தான் எனக்கும் உங்களைப் பிடிச்சுது." "எட்டு வருஷமா நான் தனியாத்தான் நின்னுட்டு இருந்திருக்கேன்."

அவனுக்கு அழுகை வந்தது. அழுதால் அவள்தான் தேற்ற வேண்டியிருக்கும் என்று அடக்கிக்கொண்டு வெளியேறினான்.

அதன் பிறகு அவள் திட்டுக்கு வரவில்லை. அவன் போனான். தபால்காரரிடம் கெஞ்சி வாங்கிய பழைய பைனாகுலரோடு, வேலை முடிந்த களைப்போடு, முழங்கால் சேற்றில் நின்று ஒவ்வொரு பறவையாகப் பார்த்தான். முதன்முறையாகப் பார்த்தான். நான்காம் நாளே கல்திருப்பி மற்றவற்றிலிருந்து தனியாக அடையாளம் தெரிந்தது. பன்னிரண்டாம் நாள், பெரும் கூட்டங்கள் வடக்கே போய்விட்ட பின், மிச்சமிருந்த பத்துப் பதினைந்துக்குள் ஒன்று மூக்கைச் சேற்றில் வைத்து, தரை துடைப்பதுபோல் இப்படியும் அப்படியும் தள்ளிக்கொண்டே வந்தது. தலை தூக்கியது. கரண்டி. இடது காலில் பச்சை.

செருப்பைக்கூட விட்டுவிட்டு ஓடினான்.

கடையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். அவர்களை இடித்துக்கொண்டு முன்னால் போனான். மூச்சு வாங்கியது. "பார்த்தேங்க. கரண்டிமூக்கு. இடது கால்ல பச்சைப் பட்டை."

அவள் மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள். "இடது கால்னு அன்னைக்கே உங்க முன்னாடிதானே பேசினாங்க."

"சத்தியமா பார்த்தேன். மூக்கை இப்படி இப்படித் தள்ளிக்கிட்டே போகுது. வாங்க, இன்னும் அங்கதான் இருக்கு. தண்ணி ஏறுறதுக்குள்ள வந்துடுங்க."

மூலையில் சாய்த்திருந்த தொலைநோக்கியின் பக்கம் அவள் கண் ஒருமுறை போனது. பிறகு அவன் முகத்துக்கு வந்தது. எதையோ தேடுகிறவள்போல் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவனும் தன் முகத்தில் உண்மை எங்கேயாவது தெரியாதா என்று தவித்து நின்றான்.

"பார்த்திருப்பீங்க" என்றாள். கோபமில்லை. இருமல் மருந்து கேட்டு வருகிறவர்களிடம் பேசுகிற அதே கனிவு. அடுத்தவர் நீட்டிய சீட்டை வாங்கி, படிக்கத் தொடங்கினாள்.