அவருக்குச் சொன்ன பாடம்

இஸ்திரிப் பெட்டி மறுபடியும் ஷாக் அடித்தது. சலவைக்கடைக்காரி கையை உதறிக்கொண்டு பின்னால் போய்ச் சுவரில் இடித்துக்கொண்டாள். பிய்ந்த ஒயருக்குள்ளிருந்து செம்பு பல்லை இளித்தது. கடையில் ரிப்பேர் வேலையெல்லாம் புருஷன் பொறுப்பு. வெளி ஆளைக் கூப்பிட்டால் அவருக்கு மானம் போய்விடும்.

"என்னங்க, நான் செத்தாத்தான் இந்த ஒயரை மாத்துவீங்களா?"

மூலையில் சம்மணம் போட்டிருந்தவர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "உனக்குக் கோபம் வருது பாரு. மூச்சைக் கவனி."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருவருமே மருந்துக்கடை மாடியில் இருக்கும் டீச்சரிடம் தியானம் பழகுகிறார்கள். டீச்சர் ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்து, அவரவருக்குத் தக்கபடி சொல்லிக்கொடுப்பார். வேலை செய்யும்போது கை என்ன செய்கிறதென்று பார் என்பது இவள் பாடம். பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், ஷாக் தோள்வரை ஏறியதுகூட நன்றாகவே தெரிந்தது. புருஷன் பாடம் என்னவோ, குழாய் ஒழுகுகிறது என்றால் மூச்சு. தங்கச்சி வந்திருக்கிறாள், எழுந்து வந்து பேசுங்கள் என்றால் அதற்கும் மூச்சு.

பிளக்கைப் பிடுங்கினாள். சூடு ஆறாத பெட்டியை இரும்பு வாளியில் போட்டுத் தூக்கிக்கொண்டு நேராக மாடி ஏறினாள்.

"டீச்சர், அந்த மனுஷனுக்கு என்னதான் சொல்லிக்கொடுத்தீங்க? நான் வாயைத் திறந்தாலே மூச்சைக் கவனிங்கறாரு!"

டீச்சர் வாளிக்குள் கிடந்த ஒயரைப் பார்த்தார். அவர் முகம் சிவந்தது.

"ஒருத்தர் பாடத்தை இன்னொருத்தர்கிட்ட நான் சொல்றதில்ல. இன்னைக்குச் சொல்றேன். அவர்கிட்ட, உங்க சம்சாரத்துக்குக் கோபம் வந்தா, உங்க மூச்சைக் கவனிச்சுக்கிட்டு அவ முடிக்கிறவரைக்கும் கேளுங்க, அப்புறம் எழுந்து போய் அந்த வேலையைச் செய்யுங்கன்னு சொன்னேன்."

தான் குடிக்க வேண்டிய மருந்தை இத்தனை நாளும் பெண்டாட்டி வாயில் ஊற்றியிருக்கிறார்!

கடைக்குத் திரும்பியதும் வாளியை அவர் காலடியில் ணங்கென்று வைத்தாள். எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"உங்க பாடம் என்னன்னு டீச்சர்கிட்ட கேட்டுட்டு வரேன்."

"அது வந்து..."

"பேசாதீங்க. இப்ப உங்க மூச்சை நீங்க கவனிங்க."

ஒயரில் தொடங்கிக் குழாய்க்குப் போய், தங்கச்சிக்கு வந்து, கல்யாணத்தன்று அவர் அசடு வழிய நின்றதுவரை ஒன்றையும் விடவில்லை. துணி வாங்க வந்தவர்கள் வாசலோடு நின்றுவிட்டார்கள். கடைசியில் அவள் குரல் உடைந்தது.

"ஷாக் அடிச்சப்பல்லாம், கை எப்படி இருக்குன்னு ஒரு தடவை கேட்டிருப்பீங்களா?"

அவர் எழுந்துபோய்ப் புது ஒயரை எடுத்துவந்து மாட்டினார். பிளக்கைச் செருகிவிட்டு, "இந்தா, ஆச்சு," என்று பெட்டியை அவள் பக்கம் தள்ளினார்.

"முதல்ல நீங்க தொடுங்க."

அவர் கை பாதியில் நின்றது.

"தொடுங்க. மூச்சைக் கவனிச்சுக்கிட்டே தொடுங்க."

அவர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மாட்டிய ஒயரை மறுபடியும் கழற்ற ஆரம்பித்தார்.