கரிப் பூனை

“ரயில்ல வர்ற எல்லாரும் ஏன் எங்க வீட்டுக்கே வர்றீங்க? எதிர் வீட்டுலதானே கோழியெல்லாம் இருக்கு?”

ஆறு வயது நெட்டி இப்படிக் கேட்டதும் எம்மெட்டின் தொண்டையில் பீன்ஸ் சிக்கிக்கொண்டது. பதில் அவனுக்குத் தெரியும். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்து அந்தச் சிற்றூரில் தண்ணீர் பிடிக்க கூட்ஸ் வண்டி நிற்கும். எங்கும் வேலையில்லாத காலம். போன வசந்தத்தில் அதிலிருந்து பசியோடு இறங்கிய எம்மெட்டுக்கு நெட்டியின் தாய் ஆல்மா வயிறு நிறைய பீன்ஸ் போட்டாள். நன்றி தாளாமல், அவள் வாசல் கம்பத்தில் கரியால் ஒரு பூனை வரைந்துவிட்டுப் போனான். பூனை என்றால் இங்கே இளகிய மனசுக்காரி இருக்கிறாள் என்று அர்த்தம். திருட்டு ரயிலேறித் திரியும் அத்தனை பேருக்கும் அது தெரியும். வீட்டுக்காரர்களுக்குத்தான் தெரியாது.

அன்று முதல் ஒவ்வொரு வண்டிக்கும் ஆல்மாவின் வாசலில் வரிசை. கணவனை இழந்தவள், ‘இல்லை’ என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. குளிர்காலத்துக்கு வைத்திருந்த மாவு மூட்டையின் அடி தெரிய ஆரம்பித்திருந்தது.

“நன்றி சொல்றேன்னு குடியைக் கெடுத்துட்டியேடா,” என்றான் கூட்டாளி காஸ்பர், வெளியே வந்ததும்.

“பூனையை எதிர் வீட்டுக்கு மாத்திடலாம்.”

“பர்டி அம்மா வீட்டுக்கா? விரட்டியடிக்கிற வீடுன்னு கம்பத்துல நாய்ப்பல்லு வரைஞ்சிருக்கு, கண்ணு தெரியலையா? கரியில பொய் எழுதினா நம்ம ஆளுங்களே உன்னை ஓடுற வண்டியிலேருந்து தள்ளிடுவானுங்க.”

“அப்போ உண்மையாக்கிட்டு எழுதுவோம்.”

அன்று ஞாயிறு. பர்டி அம்மா வீட்டில் பாதிரியாருக்கு விருந்து. எம்மெட் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, மேசையிலிருப்பவர்கள் பார்க்கும்படி கதவருகே போய் நின்றான்.

“சாப்பாடு கேக்க வரலைம்மா, ஒரு சந்தேகம். நாங்க ஒவ்வொரு வீட்டுக் கம்பத்துலயும் ஒரு குறி போடுவோம். உங்க கம்பத்துல இருக்கறது விரட்டுற வீடுன்னு நாய்ப்பல்லு, மங்கிப்போச்சு. அதையே போடவா, இல்ல இளகிய மனசுன்னு பூனை போடவா? நாங்க பொய் எழுத மாட்டோம். அதான் உங்களையே கேட்டுடலாம்னு.”

பாதிரியார் முள்கரண்டியைக் கீழே வைத்தார். “எனக்கும் தெரிஞ்சுக்கணும் போல இருக்கே, சகோதரி.”

பர்டி அம்மாவின் முகம் பீட்ரூட்டாகச் சிவந்தது. “பூ... பூனையே போடுப்பா.”

ஒரு கோழிக்காலைத் துணியில் சுற்றிக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தப்போனாள். பிறகு என்ன தோன்றியதோ, மறுபடி திறந்து இரண்டு ரொட்டியும் சேர்த்து வைத்தாள். “நாளைக்கு வர்றவங்களைப் பின்பக்கமா வரச்சொல்லு. சூடா இருக்கும்.” கொடுத்த கையை அவளே ஒரு நிமிடம் வியப்போடு பார்த்துக்கொண்டாள். அவள் கம்பத்தில் எம்மெட் மனசாரப் பூனை வரைந்தான்.

மாலையில் ஆல்மாவும் நெட்டியும் ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்தார்கள். எம்மெட் மட்டும் அவர்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தான். சட்டைக் கையை நனைத்து, பழைய பூனையை ஒரு மீசை முடிகூட மிஞ்சாமல் தேய்த்து அழித்தான். பிரிக்காத துணிப் பொட்டலத்தை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, நகரத் தொடங்கிய வண்டியை ஓடிப் பிடித்தான்.

“கோழி எங்கடா?” என்றான் பெட்டிக்குள்ளிருந்து காஸ்பர்.

“தின்னுட்டேன்.”

“அடப்பாவி! ரொட்டி?”

“அதையும்தான்.”

காஸ்பர் திட்டத் தொடங்கினான். காலி வயிறு கூவிவிடாதபடி அழுத்திப் பிடித்துக்கொண்டு, தின்றவனைப் போலவே சட்டைக் கையால் வாயைத் துடைத்துக்கொண்டான் எம்மெட். பூனையின் மீசை அவன் கன்னத்தில் ஒட்டிக்கொண்டது.